இடது காலுக்கு லீவு

முன்னே, பின்னே, சும்மா நில்.
புது டாக்ஸிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
சாவியைக் கொடுத்த பையன்
"ரொம்ப சுலபம், தோனா தியோலிந்தா" என்றான்.
கொவில்யாவின் மேடுகளில்
இருபத்தேழு வருஷம் கிளட்ச் மிதித்தவளிடம்
சுலபம் என்றான்.

முதல் சிவப்பு விளக்கில்
பழக்கம் முந்திக்கொண்டது.
இடது கால் கிளட்சைத் தேடிப் போய்
அகலமான பிரேக்கில் விழுந்தது, முழு உரிமையோடு.
பின்சீட்டில் எர்மீனியா அம்மாள்.
மடியில் இரண்டு டஜன் முட்டை.
பதினேழுக்கு நான் காசு கொடுத்தேன்.
ஏழு பிழைத்தன.
பெல்ட் போட்டிருந்ததால் அவரும்.

வலது கையும் லேசுப்பட்டதல்ல.
ஏற்றம் வந்தால் தானாக எழுந்து
இரண்டாம் கியரைத் துழாவும்.
அங்கே இப்போது காபிக் கோப்பை.
அன்று நாள் முழுக்க
ஆறிய காபியை இரண்டாம் கியரில் போட்டேன்.

அபிலியோ வண்டியே ஓட்டியதில்லை.
கணவன் அல்லவா, யோசனை மட்டும் இருக்கும்.
"இடது ஷூவைக் கழற்றிவிடு.
இன்று நமக்கு லீவு என்று கால் நினைத்துக்கொள்ளும்."
சிரித்தேன்.
மறுநாள், யாரும் பார்க்காதபோது, கழற்றினேன்.
ஆட்டத்திலிருந்து வெளியே உட்கார்த்தப்பட்டவன் போல
முதலில் துடித்தது கால்.
பிறகு மெல்ல
விரல்களை விரித்துக்கொண்டது.

குறை சொல்ல என்ன இருக்கிறது?
ஆஸ்பத்திரி ஏற்றத்தில் வண்டி பின்னால் வழுக்குவதில்லை.
ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுப்பதில்லை.
ஆனால் முன்பெல்லாம்
என்ஜின் முனகினால் நான் பதில் சொல்வேன்.
இப்போது அதுவே கேட்டு
அதுவே சொல்லிக்கொள்கிறது,
அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி
எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது.
பிரேக்கை விட்டால் போதும்,
போ என்று சொல்லுமுன்பே ஊர்கிறது,
பந்தியில் இடம் பிடிக்க நகர்பவனைப் போல.

மலையிலிருந்து இறங்கும்போதுதான் பயந்தேன்.
பனிமூட்டம்.
மூன்றாம் கியரைக் கடிவாளமாகப் பிடித்து
நான் இறங்கிய சாலை அது.
இது மிதந்தது.
ஏழாம் வளைவில் பிரேக் கருகும் வாடை.
ஓரங்கட்டி, கையேட்டை முதன்முதலாகப் பிரித்தேன்.
"ஏதாவது பிரச்சனையா?"
பின்னாலிருந்து லிஸ்பன் மாணவர்கள்.
"படிக்கிறேன்" என்றேன்.
கம்பியை இடப்பக்கம் தட்டினால்
கியர் என் சொல் கேட்குமாம்.
நாற்பத்தோராம் பக்கம், கடைசி வரி.
அந்தப் பையன் அதைச் சொல்லவே இல்லை.

அக்டோபரில் வாஷிங் மெஷின் ஏற்றிவர
ஃபவுஸ்தோவின் பழைய வேனைக் கேட்டு வாங்கினேன்.
கீழே மூன்று மிதிகள்!
நடுவே தேய்ந்து வழவழத்த கியர் குமிழ்!
உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் சிரிப்பு.
"கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன் பார்"
என்றேன் அபிலியோவிடம்.

சந்தை ரவுண்டானாவில், நட்டநடுவில்,
வேன் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.
மறுபடி கிளப்பினேன்.
மறுபடி குலுக்கல்.
பின்னால் ஹாரன்கள்.
ரொட்டி வேன்காரன் தலையை வெளியே நீட்டி
என் பெயரைச் சொல்லியே திட்டினான்.

அபிலியோ குனிந்து கீழே பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

வலது காலில் ஷூ.
எப்போது கழற்றினேனோ தெரியாது,
இடது கால் வெறுங்காலாக
விரல்களை விரித்துக்கொண்டு
லீவில் இருந்தது.