முப்பது மில்லிமீற்றர்

ரெம்ஷைட்டில், கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால்
மணிக்குப் பதினெட்டு யூரோவுக்கு
ஒரு லிஃப்டும் ஒரு விளக்கும் வாடகைக்குக் கிடைக்கும்.
பேக்கரியில் இரவு வேலை முடிந்த கையோடு
சனி காலை எட்டுக்கே போய் நின்றேன்.
இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய கார்.
கரும்பச்சை. என் பெயரில்.

லிஃப்ட் எழும்ப
நாலு சில்லும் காலைத் தொங்கவிட்டன,
மதிலில் குந்தியிருக்கும் பெடியள் மாதிரி.

இடப்பக்கப் பின் ஷொக்
எண்ணெய் கசிந்து, அதில் புழுதி அப்பி,
வேர்த்த கழுத்தில் பவுடராய் இருந்தது.
கழற்றி நிமிர்த்தி உள்ளங்கையால் அழுத்தினேன்.
போனது.
காத்திருந்தேன்.
பக்கத்து லிஃப்டில் நின்ற ஹைகோவும்
துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காத்திருந்தான்.
அது திரும்பி வரவில்லை.

ஸ்பிரிங்குக்குத் துள்ள மட்டும்தான் தெரியும்.
போதும் என்று பிடித்து இருத்துவது இதுதான்.
ஒரு லட்சத்து அறுபத்துநாலாயிரம் கிலோமீற்றரில்
எந்த இடத்தில் கைவிட்டதென்று
ஓட்டிய எனக்கே தெரியாது.

பழைய ஸ்பிரிங்கை இரண்டு கொக்கியால் கவ்வி
பக்கத்துக்கு ஐந்து சுற்றாய் மாறி மாறி முறுக்கினேன்.
அதற்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதே, என்றான்.
கொண்டுபோகவில்லை.
மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டேன்.
புதியது சிவப்பு, குட்டை.
கொக்கியே கேட்காமல் உட்கார்ந்தது.

வலப்பக்கம்தான் வினை.
கீழ் போல்ட் துருவோடு ஒன்றிக் கிடந்தது.
எண்ணெய் அடித்தேன், சூடு காட்டினேன்,
பதினாறு வயதில் விட்ட கெட்ட வார்த்தைகள் எல்லாம் சொன்னேன்.
ஹைகோ ஒரு மீற்றர் குழாயைச் சாவியில் செருகித் தொங்க,
டக்.
பாதி அவன் கையில், பாதி உள்ளே.

ஒரு மணிக்குப் பூட்டு.
திருமதி நோவிட்ஸ்கி சாவிக்கொத்தைக் குலுக்கியபடி
"திங்கள் வரை நிற்கட்டும், காசு வேண்டாம்.
பத்து மணிக்கு ஒருத்தன் வருவான், அதற்கு முதல் முடி" என்றாள்.
பஸ்ஸில் வீட்டுக்கு.
ஞாயிறு டோர்ட்முண்டில் ஒரு சாமத்திய வீடு.
நகத்தடிக் கறுப்போடு வடை பரிமாறினேன்.
பார்த்தவர்கள் கேட்கவில்லை.
கேட்டவர்கள் இன்னொரு வடை கேட்டார்கள்.

திங்கள் துளையிட்டு எடுத்தோம்.
புதுப் போல்டை நான் இறுக்கப் போக
"இப்போ வேண்டாம்" என்றான்.
சில்லு அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால்
புஷ்ஷின் றப்பர் முறுகியே கிடந்து கிழியும்.
நிலத்துக்கு விடு. பாரம் முழுக்க இறங்கட்டும்.
எந்த உயரத்தில் அமர்கிறதோ அங்கே வைத்து இறுக்கு.
மரக்கட்டைகள் மேல் காரை இறக்கி
அடியில் ஊர்ந்துபோய்
மூக்குக்கு மேல் அதன் வயிற்றை வைத்துக்கொண்டு
கால்கால் சுற்றாய் இறுக்கினேன்.
பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

பரிசோதகர் டார்ச்சும் பல்வைத்தியர் கண்ணாடியுமாய்
ஸ்பிரிங்கில் பொறித்த இலக்கத்தைத் தாளோடு ஒத்துப்பார்த்தார்.
ஒரு சில்லைக் கட்டையில் ஏற்றி
ஸ்டியரிங்கை முட்டும்வரை திருப்பச் சொன்னார்.
உரசவில்லை.
"எதற்காகப் பதித்தீர்கள்?" என்றார், முத்திரையைத் தேடிக்கொண்டே.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
வடிவுக்கு, என்றேன்.
அவர் இரண்டடி தள்ளிப்போய் நின்று பார்த்தார்.
பிறகு குத்தினார்.

மாலை வாகீசன் வாசலுக்கு வந்தான்.
காரில் ஏறு என்பதுதான் எங்கள் வழக்கம்.
இதிலோ இறங்கித்தான் ஏறவேண்டும்,
ஏறித்தான் இறங்கவேண்டும்.
ஒரு கையால் கூரையையும் மறு கையால் இடுப்பையும் பிடித்து
என் மனுசன் உள்ளே விழுந்தான்.
"முப்பது மில்லிமீற்றருக்கா எண்ணூறு யூரோ?"

தெருமுனையில் வேகத்தடை.
முன்பெல்லாம் தாண்டியபின் மூன்று தரம் தலையாட்டும்.
இன்று ஒரு தரம்.
அவன் கதவுப்பிடியை விடாமல்
மிச்ச இரண்டுக்கும் காத்திருந்தான்.

நிலவறைத் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவில்
அடியில் எதையோ மெல்லச் சீவியது.
அதைப் பற்றி
இருவரும் பேசவில்லை.