கொழுப்பு

செகெத் நகரில் இரவு பதினொன்று.
டிசா ஆற்றுப் பனிமூட்டம்
பாலத்து விளக்குகளைத் தின்றுகொண்டே வருகிறது.
பிரோஷ்கா கண்ணாடி ஊசியின் நுனியை
ஒரு நரம்பணுவின் தோலில் ஒட்டவைத்துவிட்டு
மூச்சடக்கிக் காத்திருக்கிறாள்.

காலையில் அது ஓர் எலியின் முதுகெலும்போரம் இருந்தது.
சூடு, கிள்ளல், அரிப்பு எதுவானாலும்
மேலே சொல்லியனுப்பும் வேலை.
இப்போது உப்புநீரில் தனியே;
திரையில் வெறும் நேர்கோடு.

கொழுப்பு ஏறினால் திமிர் வரும் என்று ஏசுவோம்.
இங்கே தலைகீழ்.
சவ்வின் உட்புறம் ஒட்டிக் கிடக்கும்
துளியூண்டு கொழுப்பு
பொட்டாசியக் கதவைத் திறந்தே பிடித்திருக்கிறது.
அந்தக் கசிவில்தான் நரம்பு அடங்கிக் கிடக்கிறது.

குழாயைத் திருகுகிறாள்.
காயங்களில் ஊறும் பிராடிகைனின், ஒரு சொட்டு.
உள்ளே எங்கோ கத்தரி விழுகிறது,
கொழுப்பு இரண்டு துண்டு,
கதவு சாத்திக்கொள்கிறது.
நேர்கோடு ஒருமுறை விக்குகிறது
பிறகு
முள் முள் முள்
சும்மா தொட்டதற்கே ஊரைக் கூட்டுகிறது.

ஞாயிறன்று மீன்சூப்புக் கொப்பரையில் பட்ட மணிக்கட்டு
கம்பளிக் கை உரசினாலே எரிகிறது.
சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்கிறாள்.
அவளுக்காவது மணிக்கட்டு இருக்கிறது.
எலி இல்லை.
இது யாரிடம் போய்ச் சொல்லும்?

குறிப்பேட்டில்
'பதினேழாவது அணு, நான்கு நிமிடம் வலித்தது'
என்று எழுதி
கடைசிச் சொல்லை அடித்து
'துடித்தது' என்று திருத்துகிறாள்.

பிறகு நல்ல நீரை ஓடவிட்டு
கொழுப்பு மறுபடி கூடும்வரை
வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள்.
ஆய்வுக்கு அது தேவையில்லை.