சதுர முனை

ஒடுகத்தூர் வண்டி ராத்திரி பத்தேகாலுக்கு
சத்துவாச்சாரி ஷெட்டில் வந்து இருமி நின்றது.
"முள்ளு பேய் புடிச்சாப்ல ஆடுது.
ஊசூர் தாண்டினா அறுபதுன்றான்,
பிரேக்கே போடல, பூஜ்யம்ன்றான்"
என்றார் முனிரத்தினம்.
வேகம் தெரிய அவருக்கு முள் வேண்டியதில்லை.
மூன்றாம் சீட்டுக் கண்ணாடி நடுங்கினால் முப்பது.
அது அடங்கி
டூல்பாக்ஸ் மூடி தாளம் போட்டால் நாற்பத்தைந்து.
அதற்கு மேல் இந்த வண்டி போய்
பார்த்தவர் யாருமில்லை.

முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன்.
முகம் தெரிகிறவனைத்தானே முதலில் பிடிப்போம்.
நாலு ஸ்க்ரூவில் இரண்டைக் காணோம்,
ஒன்று செருப்பு ஆணி.
கழற்றி, பின்துளையில்
சதுரமாய்ச் சீவிய குச்சியைச் செருகிச் சுழற்றினேன்.
படுத்திருந்த நாய் தலைதூக்கிப் பார்ப்பதுபோல்
முள் எழுந்தது,
விட்டதும் இறங்கிப் படுத்தது.
அதன்மேல் குற்றமில்லை.

கேபிளின் உள்கம்பியை உருவி
டீ கிளாஸ் வைக்கும் கடப்பாக் கல்லில் உருட்டினேன்.
எங்காவது மடிப்பிருந்தால் துள்ளும்.
துள்ளவில்லை.
கிரீஸ் மட்டும் காய்ந்து
பொடிப்பொடியாய்க் கொட்டியது.

இம்தியாஸ் டார்ச் பிடித்தான்.
அடியில் படுத்துக்கொண்டு,
கியர்பாக்ஸ் வாலில் மாட்டும் முனையை
விரலால் தடவினேன்.
நாலு மூலை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு மூலையும் இல்லை,
சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி உருண்டை.
மேட்டில் பிடிக்கும், பள்ளத்தில் வழுக்கும்.
"அவ்ளோதாண்ணே, புது கேபிள் போட்டா முள்ளு அடங்கிடும்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.
குந்தியபடியே கேட்டார்:
"கிலோமீட்டர எண்றதும் இதே கம்பிதானே?"

இதே கம்பிதான்.

தணிகாசலம் முதலாளி நோட்டில்
லிட்டருக்கு ஐந்து கொடுத்த வண்டி
ஆடி மாதத்திலிருந்து மூன்றே முக்கால்.
மிச்ச டீசலை யார் குடித்தது?
சனிக்கிழமை தோறும் நானூறு பிடித்தம்.
"எந்த பங்க்ல எறக்குறண்ணே" என்று
கண்டக்டர் கஜபதி சிரித்தது,
அந்தச் சிரிப்புக்கு அணைக்கட்டு ஸ்டாப்பில்
பூக்கூடைக்காரம்மாவும் திரும்பிப் பார்த்தது,
எல்லாம் கம்பியை வெறித்தபடியே சொன்னார்.

புதுசைப் பிரித்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.
"பழசையே மாட்டு. ஒரு தரம்."

நடுராத்திரியில் வெற்று வண்டியை
வாலாஜா பக்கம் விட்டோம்.
கல்லுக்குக் கல் இம்தியாஸ் கத்தினான்:
ஒண்ணு. ரெண்டு.
முள் இருபதுக்கும் எழுபதுக்கும் கூத்தாடியது,
டூல்பாக்ஸ் மூடி சீராகத் தாளம் போட்டது.
மேல்விஷாரத் தோல் வாடை மூக்கில் ஏறும்போது
பத்தாவது கல்.
மீட்டரில் ஏழரை.
கண்ணாடித் தூசியில் விரலால் எழுதிப் பார்த்தேன்,
ஐந்தில் கால் பங்கு போனால்
மூன்றே முக்கால்.
ஓடின ஓட்டத்தில் நாலில் ஒன்று
எந்தக் கணக்கிலும் இல்லை.

திரும்பி வந்து புதுக்கம்பி மாட்டினேன்.
முள் நாற்பத்திரண்டில் போய் நின்றது,
அசையாமல்.
அவர் பார்க்கவேயில்லை.
பழைய முனையை வெட்டித் தரச்சொல்லி
சம்பளக் கவரில் மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நான் வந்து மொதலாளிகிட்ட சொல்லட்டா?"
"சொல்லு. எந்த சனிக்கிழமைலேர்ந்து தேஞ்சிதுன்னு கேப்பான்.
இன்னா சொல்லுவ?"

இரும்பு தேதி வைத்துக்கொள்வதில்லை.
ஒரே நாளில் உருளவுமில்லை அது.
ஆடியில் ஒரு மூலை போயிருக்கலாம்,
ஐப்பசி மழையில் இன்னொன்று.

நாலே முக்காலுக்கு முதல் ட்ரிப்.
ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்து தூங்கிவிட்டார்.
நான் பில் எழுதினேன்:
ஸ்பீடாமீட்டர் கேபிள் ஒன்று. கிரீஸ். கூலி.
அடியில்,
யாரும் கேட்காமலே,
பேனாவை அழுத்தி,
பத்துக்கு ஏழரை.