எஃப் பிளாக் பச்சை

டில்லிபாபு கேரிபேக்கில் கொண்டுவந்தது
ஒரு சுவர்.
முழுச் சுவர் இல்லை,
உள்ளங்கை அகலத்துக்குக் காரை,
மேலே நாலைந்து தடவை அடித்த வெள்ளை,
அதற்கும் மேலே ஒரு பச்சை.
பாசியா பெயின்டா,
நகத்தால் சுரண்டிப் பார்த்தும் பிடிபடவில்லை.

"இந்த கலர்ல ஒரு தொட்டி மேடம்.
முப்பது சென்டிமீட்டர். மரம் அரசு.
புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு, எஃப் பிளாக்,
மூணாவது மாடி பாத்ரூம் பைப்பு ஜாயின்ட்டுல இருந்துச்சு.
இடிக்கிறதுக்கு மொத நாள்
ஏணி போட்டு எடுத்தேன்."

மின்வாரியத்தில் லைன்மேன். ஏணி புதிதில்லை.
வேருக்குள் சிக்கி வந்ததாம் காரை.
ஆறு வருஷமாய் மரம்
பிளாஸ்டிக் பேசினில் நிற்கிறது.

என் பட்டறை அம்பத்தூர் எஸ்டேட்டில்.
ஒரு பக்கம் லேத்து, மறு பக்கம் பிஸ்கட் கம்பெனி,
காலையில் இரும்பும் வெண்ணெயும் சேர்ந்து மணக்கும்.
முப்பது கேட்டால் முப்பத்து நான்கு வெட்ட வேண்டும்.
காயும்போது கொஞ்சம், சூளையில் மிச்சம்
என்று மண் தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
யாரிடமும் சொல்லாத கணக்கு. அவர் கேட்டார், சொன்னேன்.
மரமும் அப்படித்தானே என்பார் என்று காத்திருந்தேன்.
"சூளை எத்தனை கிலோவாட்?" என்றார்.

நான்கு கால். வடிய இரண்டு துளை.
கம்பி கட்ட நான்கு சின்னத் துளை.
உள்ளே கிளேஸ் கிடையாது,
விளிம்பு தாண்டி ஒரு விரல்கடை வரைக்கும்தான்.
வழவழப்பில் வேர் பிடிக்காது.
அரசுக்குப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை,
இருந்தாலும் வழக்கம்.

நிறம்தான் வரவில்லை.
தாமிரம் போட்டால் கல்யாண மண்டபம்.
குரோமியம் போட்டால் போலீஸ் ஸ்டேஷன் கதவு.
மூன்றாவது ஓடு வழிந்து
தட்டோடு ஒட்டிக்கொண்டது,
உளி வைத்தும் வரவில்லை, இன்னும் அங்கேதான்.

ஐந்தாவது ஓட்டுக்குப் பிறகு உறைத்தது:
காரை என்றால் சுண்ணாம்பு, சிமென்ட், மணல்.
என் வாளியில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான்,
நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.
அவரைக் கேட்காமல்
கட்டைவிரல் அளவு உடைத்து
உரலில் போட்டு இடித்துச் சலித்தேன்.
சல்லடையில் தங்கியது
ஒரு ஆணியின் தலை.

சூளை ஏற்றிய ராத்திரி
ஆயிரத்து அறுபதில் கரண்ட் போனது.
லேத்து நின்றது, பேன் நின்றது,
செங்கல்லுக்குள் மட்டும் ஆரஞ்சு.
நம்பரைத் தேடுவதற்குள் அவரே கூப்பிட்டார்.
"ஃபீடர் ட்ரிப்பு மேடம், இருபது நிமிஷம்.
கதவத் தொறந்துராதீங்க."
இன்றைக்குச் சுடுகிறேன் என்று
போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னது.

முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது.
ஆயிரத்து இருநூற்று இருபதைத் தொட்டபோது
பிஸ்கட் கம்பெனியில் காலை ஷிப்ட் சங்கு.

ஆறவிட்டுத் திறந்தேன்.
சுவர் இல்லை.
பச்சை என்று சொல்லலாம்,
சாம்பல் என்று யாராவது சண்டைக்கும் வரலாம்.
இடது மூலையில் ஒரு பழுப்புப் பொட்டு.
ஆணியை நிறுத்திய சல்லடை
துருவை விட்டிருக்கிறது.

டில்லிபாபு வந்தார். நிறத்தைப் பார்க்கவில்லை.
கவிழ்த்தார். கால் ஆடுகிறதா என்று
நான்கு மூலையும் அழுத்தினார்.
ஒரு மக் தண்ணீர் கேட்டு ஊற்றி
தரையில் குந்தி,
கடைசிச் சொட்டு விழும்வரை பார்த்தார்.
"தண்ணி நிக்கல."

பணம், ரசீது, பழைய பேப்பர், சணல்.
வாசல்வரை போனவர் திரும்பி
"மிச்சக் காரை?"
கொடுத்தேன்.
கையில் தூக்கி எடை பார்த்தார்.
"கொஞ்சம் கொறையுதே."

தொட்டியைக் காட்டினேன்.
சுற்றிய பேப்பரை விலக்கி
அப்போதுதான் நிறத்தைப் பார்த்தார்,
பொட்டின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு
என்னவோ சொன்னார்.
லேத்துச் சத்தத்தில் கேட்கவில்லை.