பயன்பாட்டுச் சான்று

படிவம் ஒரு பக்கம்தான்.
பெற்ற தொகை, செலவான தொகை, மீதம்.
பிறகு ஒரு விரற்கடை அகலத்தில் கட்டம்:
பயனாளிகளின் எண்ணிக்கை.

பணகுடியிலிருந்து கிழக்கே மூன்றாவது நிறுத்தம்
எங்கள் இளைஞர் மன்றம்.
கேரம் பலகை ஒன்று, துருப்பிடித்த கர்லாக்கட்டைத் தாங்கி ஒன்று,
நிதி வந்தபின் கணினி ஆறு.
ஏழு மாதம் அவை அட்டைப்பெட்டியிலேயே இருந்தன.
மதிப்பீட்டில் கணினி இருந்தது, பிளக் பாயிண்ட் இல்லை.
அது வேறு தலைப்பாம்.
வேறு தலைப்புக்கு வேறு மனு, வேறு மேசை.
கடைசியில் வயர் இழுத்தவர் சிவனணைந்தபெருமாள்,
காற்றாலையில் இரவு வேலைக்காரர்.
கூலி கேட்கவில்லை,
மகளுக்கு ஆறு மணி முறை கேட்டார்.
கொடுத்தேன்.
இதை எந்தத் தலைப்பில் எழுத?

ஆடியில் அத்தனை காற்றாடிகளும் சுற்றும்.
என் சன்னலில் நாற்பத்து மூன்று.
எங்கள் தலைமயிரைக் கலைத்த அதே காற்று
கம்பியேறி எங்கேயோ போய்விடுகிறது.
இங்கே ஏழு மணிக்கு லோ வோல்டேஜ்.
திரைகள் ஆறும் ஒன்றாகக் கண் சிமிட்ட
"ஏல, சேவ் பண்ணுங்க" என்று கத்துவேன்.

தலைக்கு அரைமணி. நோட்டில் கோடு போட்டு எழுதுகிறேன்.
உச்சிமாகாளி பீடிக்கட்டைக் கொடுத்துவிட்டு வருவாள்.
மூன்றாம் கணினியின் எழுத்துக் கட்டைகளில்
புகையிலை வாசம் இப்போது போவதே இல்லை.
அவள் பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் தப்பு,
பேச்சிமுத்து முத்துப்பேச்சி ஆகிக் கிடக்கிறார்.
பதினோரு அரைமணி பிடித்தது
அந்த முத்தை இடம் நகர்த்த.

கிளாட்சன் ஆறாம் வகுப்பு. வந்தால் கார் ஓட்டுவான்.
ஆய்வுக்கு வந்தவர் முகம் சுளித்தார்:
"விளையாடவா அரசாங்கம் பணம் கொடுத்தது?"
கேரம் பலகையும் அரசாங்கப் பணம்தான் சார்,
அதில் யாரும் இதுவரை கணக்குப் படிக்கவில்லை
என்று சொல்ல வந்து, டீ கொடுத்தேன்.
அவர் போனபிறகு அவன் கேட்டான்,
"எக்கா, ழ எங்கனக்குள்ள கெடக்கு?"
கீழ்வரிசை, வலது கைப்பக்கம், கடைசி வீடு.
கண்டுபிடித்தவன் வேறெதுவும் அடிக்கவில்லை.
பக்கம் முழுக்க ழ ழ ழ ழ ழ.
இதற்கு ஒரு பயனாளியா, அரையா?

ஆறிலிருந்து ஏழரை பெண்பிள்ளைகளுக்கு,
வாசலில் பைக் நிற்கக் கூடாது என்று தாள் ஒட்டினேன்.
மூன்று தடவை கிழிந்தது.
நாலாவதை ஒட்டிய வாரம்
ஒருவன் இரவு பத்தரைக்குக் கதவைத் தட்டினான்.
குரூப் ஃபோர் விண்ணப்பம், கடைசி நாள்.
வெளியே காற்றாடி சுற்றியது, உள்ளே சர்வர் சுற்றியது.
பதினொன்று ஐம்பத்தாறுக்கு ரசீது விழுந்தது.
"கிழிச்சது நாந்தான்" என்றான்.
தெரியும் என்றேன்.
தாள் நாலாவது தடவை கிழியவில்லை.

இருநூற்றுப் பதினான்கு என்று எழுதினேன்.
மீதம் நாற்பத்தொரு ரூபாய்.
திருப்பிச் செலுத்த வேண்டும், வள்ளியூர் போய்.
மௌஸ் ஒன்று செத்துக் கிடக்கிறது;
நாற்பத்தொன்றுக்கு அதன் வால்கூட வராது.
மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில் போனேன்.
பக்கத்து இருக்கைக்காரர்
ஓசிக்கு நாடு கெட்டது என்று சன்னலிடம் சொன்னார்.
நாற்பத்தொரு ரூபாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

படிவத்தின் கடைசி வரி:
பணி முழுமையாக நிறைவுற்றதா?
இல்லை என்று எழுதியிருந்தேன்.
எழுத்தர் ஆவுடைநாயகி கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார்.
"இல்லைன்னா, முடிக்காதவங்களுக்கு அடுத்த வருசம் துட்டு கெடயாது.
ஆமான்னா, அதான் முடிஞ்சிட்டேன்னு கெடயாது.
எது போட, சொல்லு?"

எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.
மணி நாலே முக்கால்.
மன்றத்துச் சாவி உச்சிமாகாளியிடம்,
ஆறு மணி முறைக்குள் போயாக வேண்டும்.
வெள்ளை மை கேட்டு வாங்கி
'இல்லை'யின் மேல் தடவினேன்.
ஈரம் காயட்டும் என்று
குனிந்து ஊதிக்கொண்டு நிற்கிறேன்.