நான்கு இறக்கைப் பறவை

பண்டிகைத் திங்களன்றும் பஸ் ஓடும்.
இரவுப் பணிக்காரர்களுக்கு டிப்போவிலேயே விருந்து.
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
நான் போய்ச் சேர்வதற்குள்
உருளைக்கிழங்கைப் பிடித்துவிட்டார்கள்,
பூசணிப் பையைப் பிடித்துவிட்டார்கள்,
காகிதத் தட்டைக்கூட யாரோ.
மிச்சம் ஒரே வரி: கிரேவி.
அதற்கு நேராகப் பென்சிலில் என் பெயர்,
வேறு யாரோ எழுதியது,
பூங்கோதையில் ஓர் எழுத்துக் குறைய.

வான்கோழி கோர்டனுடையது.
ஷெட்டுக்கு வெளியே கேஸ் அடுப்பு வைத்து
முழுதாக எண்ணெயில் முக்கிப் பொரிப்பான்.
பொரித்த பறவை ஒரு சொட்டும் தராது.
வடிந்ததில் செய்வதுதானே கிரேவி,
வடியாததில் எப்படி என்று கேட்டேன்.
அது உன் பாடு என்பதை
ஆங்கிலத்தில் மிக இனிமையாகச் சொன்னான்.

எங்கள் ஊரில் கிரேவி கேட்டால்
பரோட்டா மேல் காசில்லாமல் ஊற்றுவார்கள்.
இங்கே அதற்கென்றே
மூக்கு நீண்ட ஒரு பீங்கான்.

எட்டாம் தெருக் கடையில்
நான்கு இறக்கை, இரண்டு கழுத்து,
பதினோரு டாலர் சொச்சம்.
பில் போட்ட பையன்
உடம்பு எங்கே என்பதுபோல் பார்த்தான்.
எனக்கும் தெரியவில்லை.
எந்தக் கடவுளும்
வாகனமாக ஏற்காத பறவை அது.

வெங்காயம், கேரட்,
வாசமே பிடிக்காத செலரி.
நானூற்று இருபத்தைந்தில்
ஒன்றேகால் மணி நேரம்.
திறந்தால்
தட்டின் அடியெல்லாம் கரும்பழுப்பாய் ஒட்டியிருக்கிறது.

அடிப்பிடித்தால் நம்மிடம் வசவு.
கல்யாணமான புதிதில்
நான் அடிப்பிடிக்கவிட்ட பாயசத்தைப் பற்றிப்
பதினாறு வருடம் பேசினார் ஒருவர்.
இப்போது கால்கரியில் பேசிக்கொண்டிருக்கிறார்.
இங்கே அந்த அடிதான் சொத்தாம்.
வெந்நீர் ஊற்றி
மரக்கரண்டியால் சுரண்டு சுரண்டென்று சுரண்டினேன்.
ஒட்டியதெல்லாம் விட்டது.
தண்ணீருக்குத் தேக்கு நிறம்.

அப்புறம் மூன்று மணி நேரம்
கொதி இல்லை,
கொதிக்கு முந்தைய முணுமுணுப்பு.
வடிகட்டிப் பால்கனியில் வைத்தேன், மைனஸ் நாலில்.
காலையில் கொழுப்பு தானே எழும்பி
வெள்ளை மூடியாய் இறுகியிருந்தது.
பாலையும் நீரையும் பிரிக்க
அன்னம் வேண்டுமாம்.
இதற்கு சாஸ்கட்டூன் அக்டோபர் போதும்.

அந்தக் கொழுப்பிலேயே மைதா.
பிஸ்கட் வாசம் வரும்வரை வறுத்து,
சாற்றை அவசரமாக ஊற்ற,
கட்டி தட்டிவிட்டது.
கொட்டவில்லை.
சல்லடையில் போட்டுக் கரண்டி முதுகால் தேய்த்தேன்,
சாஸ்கட்டூனில் யாரும் பார்க்கவில்லை.
மிளகாய்த்தூள் டப்பா
அலமாரியிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தது.
அந்தப் பக்கம் திரும்பவில்லை.
மிளகு மட்டும்.
கொஞ்சம் கூடுதலாக விழுந்திருந்தால்
அது கை, நான் இல்லை.

எட்டு மணிக்குப் பரிமாறினார்கள்.
எட்டே முக்காலுக்கு
கோர்டனின் பறவை எலும்பு.
என் ஃபிளாஸ்க்கில் பாதி இருந்தது.
மிஞ்சினால் மிஞ்சட்டும் என்று
கேரம் ஆடப் போய்விட்டேன், அவர்கள் ஆடுவதை
கேரம் என்று சொல்ல முடியுமானால்.

ஒன்றேகாலுக்குக்
கடைசி வண்டியை நிறுத்திவிட்டு ஓரெஸ்ட் வந்தார்.
சட்டியில் ஆறிப்போன உருளைக்கிழங்கு.
வேறொன்றும் இல்லை.
ஃபிளாஸ்க்கைச் சாய்த்தார், ஆவி பறந்தது.
ஜாக்கெட்டைக் கழற்றாமல்
நின்றபடியே தின்றார்,
ஒரு வார்த்தை பேசாமல், மறுபடி ஊற்றி.
பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு
வான்கோழி நன்றாக வந்திருக்கிறது என்றார்.

கோர்டன் தலையாட்டி
அதை வாங்கிக்கொண்டான்.

நான் காயைச் சுண்டினேன்.
குழியில் விழவில்லை.

ஃபிளாஸ்க்கை மூன்று முறை கழுவினேன்.
செவ்வாய்க்கிழமை வண்டியில்
என் டீயில் இறக்கை வாசம்.
சிக்னல் சிவப்பாகவே இருந்தது.
முழுதும் குடித்தேன்.