தேய்மானம் வேறு, சேதம் வேறு

டுலூத் நகரத்தின் மேட்டுத் தெருவில்
எனக்கொரு வீடு.
மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம்.
இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய காசு.
வரும் வாடகையில் வங்கிக்குப் பாதி,
ஏரிக்காற்று உடைப்பதைச் சரிசெய்யப் பாதி.

ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது.
இரவில் எப்போதோ
மேல்வீட்டுச் சமையலறைச் சுவருக்குள் குழாய் வெடித்தது.
நான் போய்ச் சேரும்போது மணி ஏழரை.
கீழ்வீட்டுக் கூரை
நிறைந்த மடிபோல் தொங்கிக்கொண்டிருந்தது.
ஒரே ஒரு விரலால் தொட்டேன்.
அவ்வளவுதான்,
தொப்பலாக நனைந்து வாசலில் நின்றேன்.

பிறகு நோட்டை எடுத்தேன்.
கூரைப் பலகை, ஆறு.
தரைவிரிப்பு, மொத்தமும்.
மின்விளக்கு, இரண்டு.
நிலவறைக் கதவு: பூட்டோடு பிளந்து கிடக்கிறது.
கதவின்மேல் பூட்ஸ் தடம்,
காகித ஆலைக்காரர்கள் போடுகிற பூட்ஸ்.

மேல்வீட்டு வெண்டல் ஹௌதலா, இரவு ஷிஃப்ட்.
குழாய் உடைந்ததற்குக் குளிரைச் சொல்லலாம்.
கதவு உடைந்ததற்கு?
கோபத்தை யார்மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது,
அவன் பெயருக்கு நேரே எழுதினேன்:
நூற்று எண்பது டாலர்.
பேனா தாளைக் கிழித்தது.

காப்பீட்டுக்காரர் கேமராவோடு வந்தார்.
விரிப்பில் நாற்காலிக்கால் அமுங்கிய நாலு குழிகளைக் காட்டி
"இது தேய்மானம்" என்றார்,
"வாழ்ந்ததற்கு யாரும் காசு தர மாட்டார்கள்."
நனைந்த இடத்தைக் காட்டி "இது சேதம்."
கதவருகே நின்று வெகுநேரம் படமெடுத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்கோக்லண்ட், என் பிளம்பர்,
சுவரைத் திறந்து டார்ச் அடித்தான்.
"குழாயைச் சொட்டத்தான் விட்டிருக்கிறான் பையன்.
வெளிச்சுவர்ப் பக்கம் பஞ்சுறை இல்லை.
அக்டோபரிலேயே சொன்னேனே."
சொன்னான்.
நாற்பது டாலர் வேலை.
அந்த மாதம் நான் கூரைத் தகரத்துக்குக் கடன்பட்டிருந்தேன்,
அடுத்த மாதம் என்றேன்,
அடுத்த மாதம் நவம்பர், அதற்கடுத்து வெறும் பனி.

மூன்றாம் நாள்தான் கைப்பேசியில்
கேட்காத செய்திகளைப் பார்த்தேன்.
ரொட்டிப் பையின் அடியில் அது கிடந்த இரவில்
மூன்று பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்று பதினாலுக்கு ஒன்று.
"லுவெல்லா, வெண்டல் பேசறேன், தண்ணி."
"லுவெல்லா, மெயின் வால்வு நிலவறையிலதானே? பூட்டியிருக்கு."
"சாவி எங்கேன்னு சொல்லுங்க, போதும்."
நான்காவதில் என் பெயர் மட்டும்.
ஐந்தாவதில் பேச்சே இல்லை:
நீர் இரைச்சல்,
மரம் பிளக்கிற சத்தம், மறுபடியும் அதே சத்தம்,
துருப்பிடித்த சக்கரம் கீச்சிட்டுத் திரும்புவது,
அப்புறம் ஒரு வீடு முழுக்க அமைதி.
அதற்குள்ளிருந்து ஓர் இருமல்.
"மன்னிச்சுக்கோங்க. கதவு."

அந்தப் பூட்டை நான்தான் போட்டேன்.
உள்ளே என்ன பொக்கிஷம்?
பாதி பெயின்ட் டப்பாக்கள், ஒரு பனிவாரி,
பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன மீன்தொட்டி.

புதுக் கதவு வந்தது. நானே கீல் பொருத்தினேன்,
கோணலாக; இரண்டு முறை கழற்றி மாட்டினேன்.
பழையதைக் குப்பைக்காரர் இருபது டாலர் கேட்கிறார்.
காரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்,
மழை வந்தும் தடம் போகவில்லை.

பிப்ரவரி வாடகையோடு
இன்னொரு காசோலையும் வந்தது, நான் கேட்காமலே.
நூற்று எண்பது.
தொகை எப்படித் தெரிந்ததோ, கடையில் விசாரித்திருப்பான்.
குறிப்பு வரியில் ஒரே சொல்: கதவு.

அதன் கீழே
பூட்டியது நான் என்று எழுதி,
நிலவறைச் சாவியை டேப்பால் ஒட்டி
உறையில் போட்டேன்.
கனம் கூடிவிட்டது, ஒரு தபால்தலை போதாது.
ஆறு தெரு தள்ளித்தான் வீடு.
நடந்தே போய்க் கொடுக்கலாம்.
இன்னும் கொடுக்கவில்லை.